மூளைக்கு வந்த பார்சல் கேட்டிலேயே நின்னா?

உங்க ஹாஸ்டலுக்கு வீட்டிலிருந்து ஒரு பார்சல் வருது. அம்மா சுட்ட முறுக்கு! கூரியர்காரர் கேட் வரைக்கும் கொண்டு வந்துட்டார். ஆனா, அதை உள்ளே எடுத்துட்டு வரவேண்டிய வாட்ச்மேனோட கையை யாரோ கட்டிப் போட்டுட்டாங்க. கேட்ல பார்சல் குவியுது... ரூம்ல நீங்க பட்டினி!

சில குழந்தைகளின் மூளையில் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. பார்சலின் பெயர் ஃபோலேட்.

கீரையிலும் பயறு வகைகளிலும் இருக்கிற பி9 வைட்டமின்தான் இது. செல்கள் டி.என்.ஏ. தயாரிக்க இது வேணும். வளர்கிற மூளைக்கும் கட்டாயம் வேணும். ரத்தத்தில் வரும் ஃபோலேட்டைப் பிடித்து, மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் சேர்ப்பது 'ஃபோலேட் ரிசெப்டார் ஆல்ஃபா' என்ற புரதம். நம்ம வாட்ச்மேன் இவர்தான்!

சிலருக்கு உடம்பே இந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடுகிறது. வாட்ச்மேன் கை கட்டப்படுவது இப்படித்தான். ரத்தப் பரிசோதனையில் ஃபோலேட் நார்மல். முதுகுத்தண்டு திரவத்தை எடுத்துப் பார்த்தால் குறைவு. இதற்கு 'பெருமூளை ஃபோலேட் குறைபாடு' என்று பெயர். இந்தக் குறைபாடு இருந்த 28 குழந்தைகளை ஆராய்ந்து 2005-ல் வெளியான ஆய்வில், 25 பேருக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது.

சரி, ஆட்டிசம் எங்கே வந்தது? 2013-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃப்ரை குழுவினர் ஆட்டிசம் உள்ள 93 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். சுமார் 75 சதவிகிதம் பேரிடம் இந்த ஆன்டிபாடிகள்!

'ஆஹா, காரணம் கிடைச்சிடுச்சு'ன்னு துள்ளாதீங்க. ஆட்டிசம் இல்லாத அண்ணன், தங்கை, அப்பா, அம்மா சிலரிடமும் இவை இருக்கின்றன. ஆட்டிசத்துக்குப் பின்னால் நிறைய மரபணுக்கள், நிறைய காரணங்கள். இது ஒரு பகுதிதான்.

மெயின் கேட் அடைச்சா, பின்வாசல் உண்டா? உண்டு! ஃபோலினிக் ஆசிட், அதாவது லூக்கோவோரின், வேறொரு கடத்திப் புரதம் வழியாகவும் உள்ளே போகும். புற்றுநோய் சிகிச்சையில் பல காலமாகப் பயன்படுகிற மருந்து இது. ஃப்ரை குழு 48 குழந்தைகளுக்கு 12 வாரம் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, இதைச் சாப்பிட்டவர்களின் பேச்சுத்திறன் அதிகம் முன்னேறியது. ஆன்டிபாடி இருந்தவர்களிடம் பலன் இன்னும் தெளிவு. ஆனா, 48 பேர் ரொம்ப சின்ன எண்ணிக்கை பாஸ்!

2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெருமூளை ஃபோலேட் குறைபாட்டுக்கு லூக்கோவோரினை அங்கீகரிக்கும் முயற்சியை அறிவித்தது. உடனே 'ஆட்டிசத்துக்கு மாத்திரை ரெடி'ன்னு ஃபார்வர்டுகள் பறந்தன. அறிவித்தது ஒன்று, பரவியது வேறொன்று!

உங்க வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கலாம். அந்த அம்மா, எந்த மெசேஜ் வந்தாலும் நம்பிக்கையோடு படிப்பாங்க. அதனால, அனுப்புறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க. எத்தனை பேரிடம் சோதிச்சாங்க? எத்தனை வாரம்? எந்தக் குழந்தைகளுக்குப் பலன்? டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டாங்களா?

இன்னொண்ணு... மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதுக்கு மாற்று இல்லை. யாருக்கு டெஸ்ட், யாருக்கு மருந்து, எவ்வளவு டோஸ்... எல்லாத்தையும் குழந்தைகள் நரம்பியல் டாக்டர்தான் முடிவு செய்யணும். ஸ்பீச் தெரபியையும் மற்ற பயிற்சிகளையும் நடுவில் நிறுத்தக்கூடாதுன்னு அந்த அம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க!