நரியைப் பார்க்காத பிள்ளைக்கு நரிக் கதை

பாட்டி வடை சுட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். வடையைக் காக்கா தூக்கிப் போகும். நரி வந்து பாடச் சொல்லும். காக்கா வாயைத் திறக்கும். வடை விழும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி பல தமிழ்க் குடும்பங்கள் இந்தியா வந்தன. சில குடும்பங்களுக்குக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்த அம்மாவோடு இந்தக் கதையும் கப்பல் ஏறி வந்தது.

அக்கா இப்போது ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறார். 2024 வரை போர்ட் பிளேர் என்று சொன்னோமே, அதே ஊர்தான். ஒருநாள் மகனுக்குக் கதை சொன்னார்.

"நரின்னா எப்படிம்மா இருக்கும்?" என்று மகன் கேட்டான்.

அக்காவும் நரியைப் பார்த்ததில்லை. "நான் பள்ளிக்கூடம் போகாதவ. பிள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டா?" என்று பயந்தார். கதை சொல்வதையே விட்டுவிட்டார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தமான் நிக்கோபார் காடுகளில் நரி கிடையாது. காட்டுப்பன்றி உண்டு. வௌவால் உண்டு. முதலை உண்டு. நமக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். நரி நீந்தி வர முடியுமா?

ஆனால் கதைக்குக் கடல் தடை இல்லை. கிரேக்க நாட்டு ஈசாப் கதைகளிலும் இது இருக்கிறது. அங்கே காக்காயின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நம்மிடம் அது வடை. ஊருக்கு ஏற்பக் கதை மாறும்.

இதைக் கேட்டதும் அக்காவுக்குத் தைரியம் வந்தது. பாடப் புத்தகத்தில் நரிப் படத்தைக் காட்டினார். "நாய் மாதிரி இருக்கும். மூஞ்சி கூர்மை. வால் புசுபுசுன்னு இருக்கும்" என்றார்.

மகன் யோசித்தான். "அம்மாயி ஊர்ல குரங்கு இருக்கே. நரிக்குப் பதிலா குரங்கு வரட்டும்" என்றான். கச்சால் காட்டில் குரங்குகள் உண்டு.

பிறகு அவனே சொன்னான்: "வேணாம்மா. குரங்கு மரத்துல ஏறிப் பிடுங்கிடும். நரிக்கு ஏறத் தெரியாது. அதான் பேசி ஏமாத்துது."

பார்த்தீர்களா? கதை பிள்ளையை யோசிக்க வைக்கிறது. இங்கே தெருவில் பிள்ளைகள் இந்தியில் பேசி விளையாடுகிறார்கள். தமிழ் அவர்கள் காதில் அதிகம் விழுவது வீட்டில்தான். நாமும் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இன்று இரவு செய்து பாருங்கள்:

- சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் கதை சொல்லுங்கள்.
- பிள்ளை நடுவில் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள்.
- தெரியாததைத் "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.
- முடிவைப் பிள்ளையே மாற்றிச் சொல்லட்டும்.

யோசியுங்கள்: உங்கள் அம்மா சொன்ன எந்தக் கதையை உங்கள் பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை?