வீடு மாத்தி வெளியூர் போறீங்களா? லாரி சீட்டில் 'கட்டணம்' எவ்வளவுன்னு பாருங்க!

சேக்காடு,
முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஆவடி, சேக்காடு, பட்டாபிராம் தெருக்களில் சாமான் ஏற்றும் லாரிகள் வந்து நிற்கும்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ம் ஆண்டு வந்தது. அதிலிருந்து மாற்றல் என்பது இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன சங்கதி. 2021-ம் ஆண்டு அரசு படைக்கலத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்றுக்கு ஆவடிதான் தலைமையிடம். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையும், தெலுங்கானாவில் உள்ள மேடக் தொழிற்சாலையும் அதன் கீழே வருகின்றன.

ஆர்டர் வந்தால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். ஜபல்பூர் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்!

"நாங்க பாத்துக்கறோம் சார்"

போனில் விசாரித்தால் ஒருவர் 30 ஆயிரம் என்பார். இன்னொருவர் 18 ஆயிரம் என்பார். குறைந்த ரேட்டுக்கு ஆசைப்பட்டு அட்வான்சைக் கொடுத்து விடுகிறார்கள்.

லாரி எல்லை தாண்டியதும் போன் வரும். "லோடு அதிகம் சார், இன்னும் 15 ஆயிரம் போடுங்க" என்பார்கள். சாமான் அவர்கள் கையில், என்ன செய்வது?

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஆளை வீட்டுக்கே வரவழைத்துப் பரண் முதல் பால்கனி வரை காட்டி, மொத்தத் தொகையை எழுதி வாங்குவதுதான். முழு லாரியா, மற்றவர் சாமானோடு சேர்த்துப் போகும் லோடா என்பதும் அதில் இருக்க வேண்டும். சேர்த்துப் போகும் லோடு என்றால் வழியில் குடோனில் இறக்கி ஏற்றுவார்கள். உடைவதும் காணாமல் போவதும் அங்கேதான் அதிகம்.

10 மடங்கு கணக்கு

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2007-ம் ஆண்டு சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு ஏற்றும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்குச் சீட்டு தர வேண்டும். சாமான் சேதமானால் நிறுவனத்தின் அசட்டைதான் காரணம் என்று வாடிக்கையாளர் நிரூபிக்கத் தேவையில்லை.

ஆனால் நஷ்ட ஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. லாரிக் கட்டணத்தைப் போல் 10 மடங்கு. அதுவும் சாமானுக்கு எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. கூடுதல் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டு எழுதினால் மட்டும் விதிவிலக்கு.

30 ஆயிரம் கொடுத்துவிட்டுச் சீட்டில் 5 ஆயிரம் என்று எழுத விட்டால், 3 லட்சம் என்ற வரம்பு 50 ஆயிரமாகச் சுருங்கிவிடும்! சாமான் மதிப்பைக் குறைத்து எழுதினாலும் இதே கதிதான்.

'இன்சூரன்ஸ்' என்று பணம் வாங்கினால் பாலிசி நகலைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் ரசீது உதவாது. பழைய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை. அதன் பெயரில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஏற்றக் கூடாதவை

நகை, பணம், பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் கைப்பையில்தான். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டையும் வவுச்சரையும் வாங்கிக்கொண்டால், போகிற ஊரில் இணைப்பு எடுக்கலாம். பைக்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதானால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கியே ஆக வேண்டும்.

கிரைண்டர் கல்லைத் தனியாகக் கட்டுவது நல்லது. டி.வி., பிரிட்ஜ், பீரோவை ஏற்றும் முன் போட்டோ எடுத்து, அட்டைப்பெட்டிக்கு நம்பர் போட்டு, பட்டியலில் நிறுவனத்தின் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

உடைந்து போனால்...

சாமான் வந்து இறங்கியதும் "சரியாக வந்தது" என்று அவசரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பட்டியலோடு ஒத்துப் பார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் அந்தச் சீட்டிலேயே எழுத வேண்டும்.

கேஸ் போடுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். இந்தக் கெடு சாமான் வந்த நாளில் இருந்து அல்ல, புக் செய்த நாளில் இருந்து ஓடும். பேச்சுவார்த்தையிலேயே 6 மாதத்தைக் கழித்தால் வழக்கு நிற்காது.

நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. யோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.