கோடைமலையின் சூரியப் பதிவேடு

இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை அண்டக்கதிர்கள் பூமியை மிக நெருங்கிக் கடக்கவிருப்பதாகவும், கைப்பேசிகளை அணைத்துத் தொலைவில் வைத்துவிட வேண்டும் என்றும் எச்சரிக்கும் செய்தி ஒன்று பல்லாண்டுகளாகக் கைப்பேசிகளில் உலவி வருகிறது. நாசா, பிபிசி ஆகிய பெயர்களும் அதில் சான்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். ஆண்டு மாறினாலும் அந்த மூன்று மணி நேரம் மட்டும் மாறுவதில்லை. சூரியப் புயலால் உலகம் முழுவதும் இணையம் நின்றுபோகும் என்பது அதே வகையைச் சேர்ந்த மற்றொரு செய்தி. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் இவை பேசப்படும்போது, சிலர் அஞ்சுகின்றனர், சிலர் நகைக்கின்றனர். செய்தியில் உண்மை எவ்வளவு என்று தேடிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

சூரியனைப் பற்றிய கருத்துகளைச் சோதித்துப் பார்ப்பதற்கான பதிவேடு ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியன் நாள்தோறும் படம்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்த ஆய்வகம் தோன்றிய வரலாற்றின் தொடக்கத்திலும் ஒரு கருத்தே நின்றது. அக்கருத்துக்குப் பின்னால் இருந்ததோ பசி.

பஞ்சமும் கரும்புள்ளியும்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம் முழுவதும் பரவிய அப்பெருங்கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் சொல்வர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை எப்போது பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்ற கேள்வி அப்போது வலுப்பெற்றது.

அதற்கு விடை கிடைத்துவிட்டதாகவே அறிஞர் சிலர் எண்ணினர். சூரியனின் மேற்பரப்பில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்பதை 1843இல் செருமானியரான சுவாபே வெளியிட்டிருந்தார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் ஆட்சிப் பணியாளர் வில்லியம் ஹண்டரும் சென்னையின் மழைக் கணக்கை அந்தச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்து, கரும்புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்று 1877இல் எழுதினர். பஞ்சம் வந்ததும் கரும்புள்ளிகள் குறைந்திருந்த காலத்தில்தான். எனவே கருத்து நம்பத்தக்கதாகவே தோன்றியது. சூரியனை இடைவிடாது நோக்க இந்தியாவில் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது வலிமை சேர்த்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் இயங்கி வந்தது. ஆயினும் கடற்கரை நகரத்தின் ஈரக் காற்றும் புழுக்கமும் சூரிய ஆய்வுக்கு உகந்தவை அல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடிய மிச்சி ஸ்மித், கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் ஆய்வகம் அங்கே நிறுவப்பட்டது. 1901 முதல் முறையான நோக்குப் பணி தொடங்கியது.

மழை பற்றிய கருத்து என்னவாயிற்று? 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், கணிதவியல் முறைப்படி நீண்ட காலப் பதிவுகளை ஒப்பிட்டார். கரும்புள்ளிக்கும் இந்திய மழைக்கும் நம்பத்தக்க உறவு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. மாறாக, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை அவர் கண்டறிந்தார். தென் அலைவு என அவர் பெயரிட்ட அந்த நிகழ்வு, இன்று எல்நினோ எனப்படும் கடல் வெப்பமாதலோடு இணைந்தது. 1877இல் பசிபிக்கில் நிலவியதும் மிக வலிய எல்நினோவே. பஞ்சத்தின் வேர் சூரியனில் தேடப்பட்டது. அதன் தடயமோ கடலில் கிடந்தது. கற்றவர்களும் நல்ல நோக்கத்தோடு தவறான கருத்தை நம்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அவர்கள் வதந்தி பரப்பவில்லை. குறைந்த பதிவை வைத்துக்கொண்டு விரைந்து முடிவுக்கு வந்தனர்.

எதிர்பார்த்தது ஒன்று

ஆய்வகத்தை உருவாக்கிய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆனால் நாள்தோறும் எடுத்த படங்கள் வீணாகவில்லை. 1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். கரும்புள்ளி என்பது சுழலும் புயல் போன்றது என்பதே அக்காலத்தில் வலுவாக இருந்த கருத்து. எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் தேடினார். ஒளி தரும் பொருள் நோக்குபவரை நெருங்கினால் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், விலகினால் சிவப்புப்பக்கமும் நகரும். 1909 ஜனவரியில் எடுத்த படங்களில் கோடுகள் நகர்ந்தே இருந்தன. ஆனால் சுழற்சிக்குரிய முறையில் அல்ல. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வளிமம் பாய்ந்தோடியது. தாம் தேடியது கிடைக்கவில்லை என்று அவர் படத்தை ஒதுக்கிவிடவில்லை. உலகெங்கும் சூரிய இயற்பியல் நூல்களில் இன்று இடம்பெறும் எவர்ஷெட் விளைவு அவ்வாறு பழனி மலையில் பிறந்தது. அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட்டும் அங்கிருந்தே கரும்புள்ளிகளையொட்டி எழும் சூரியத் தழல்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

1960 முதல் அங்கே சுரங்கத் தொலைநோக்கி பயன்பாட்டில் உள்ளது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின்மேல் உள்ள ஆடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, அதன் ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள நிலவறைக்குள் செலுத்துகின்றன. 1904 தொடங்கிச் சேர்ந்த ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் இப்போது எண்மப் படங்களாக மாற்றப்பட்டு, ஆய்வாளர் எவரும் பயன்படுத்தும் வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ளன. பத்தாண்டுப் படங்களில் தென்படாத மாற்றங்கள் நூறாண்டுப் படங்களில் புலப்படுகின்றன.

நீண்ட பதிவின் பயனைக் காண அதே மலையில் பூக்கும் குறிஞ்சியையே எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. சூரியச் சுழற்சியும் ஏறத்தாழ 11 ஆண்டு. இரண்டிற்கும் தொடர்புண்டு என்று ஒருவர் சொன்னால், கேட்பதற்கு அழகாகவே இருக்கும். 2018இல் மலைச்சரிவுகள் நீலமானபோது சூரியன் அடங்கியிருந்தது. மறு ஆண்டில் அதன் செயல்பாடு மிகத் தாழ்ந்த நிலையை எட்டியது. 2006இலும் சூரியன் அடங்கும் காலமே. இந்த இரண்டை மட்டும் அறிந்தவர் விதியொன்றைக் கண்டுவிட்டதாக மகிழ்வார். ஆனால் 1958ஆம் ஆண்டுக் குறிஞ்சிக் காலத்தில் கரும்புள்ளிகள் வரலாறு காணாத உச்சத்தில் இருந்தன. அந்த ஒரு பதிவே விதியை உடைத்துவிடுகிறது.

சூரியப் புயல்: அச்சமும் அளவும்

சூரியப் புயல் கற்பனை அன்று. கரும்புள்ளிப் பகுதிகளில் முறுக்கேறிய காந்தப்புலம் திடீரெனத் தளரும்போது, மின்னூட்டம் பெற்ற பொருள் கோடிக்கணக்கான டன் அளவில் விண்வெளியில் வீசப்படுகிறது. அது பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கினால், நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தூண்டப்படும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். 2022 பிப்ரவரியில் மிதமான புயலொன்றால் மேல்வளிமண்டலம் சூடேறி விரிந்தது. அப்போதுதான் ஏவப்பட்டிருந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை அதன் இழுப்பில் சிக்கிக் கீழிறங்கி எரிந்தன. ஆக, மின்கட்டமைப்பை நடத்துபவர்க்கும் செயற்கைக்கோளை இயக்குபவர்க்கும் இது மெய்யான கவலை. படுக்கையருகே இருக்கும் கைப்பேசிக்கு இதனால் கேடில்லை. காற்று மண்டலமும் காந்தப்புலமும் தரையில் இருப்போரைக் காக்கின்றன.

நள்ளிரவுச் செய்திக்கும் இங்கேயே விடை உண்டு. அண்டக்கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் எல்லா நேரமும் பூமியை வந்தடைகின்றன. அவற்றுக்குக் கால அட்டவணை இல்லை.

2024 மே மாதத்தில் பூமியைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு அகலமுள்ள கரும்புள்ளித் தொகுதி ஒன்று சூரியனில் தோன்றியது. அதிலிருந்து எழுந்த புயல், 20 ஆண்டுகளில் காணாத வலிமையோடு மே 10, 11 நாள்களில் பூமியை அடைந்தது. துருவப் பகுதிகளுக்கு உரிய ஒளிக்கோலம் லடாக்கின் ஹான்லே வானத்தில் செந்நிறமாகப் படர்ந்தது; கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அங்கும் ஆய்வகம் வைத்திருப்பதால், அதன் படக்கருவிகள் அக்காட்சியைப் பதிவு செய்தன. இணையம் நின்றுபோகவில்லை.

அதே நிறுவனம் உருவாக்கிய ஒளிவட்ட வரைவி, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தில் உள்ளது. ஆதித்யா சூரியனுக்கே செல்கிறது என்று பலர் கருதினர். எரிந்துவிடாதா என்றும் கேட்டனர். கேள்வி நியாயமானதே. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆதித்யா சென்றதோ 15 இலட்சம் கிலோமீட்டர், அதாவது நூறில் ஒரு பங்கு. 2024 ஜனவரி 6 அன்று அது தன் இடத்தை அடைந்தது. சூரியனும் பூமியும் ஈர்க்கும் விசைகள் அதன் சுற்றியக்கத்தோடு சமன்படும் அவ்விடத்தில், பூமியின் நிழல் குறுக்கிடாமல் எப்போதும் சூரியனைக் காணலாம். கொடைக்கானலில் மேகம் மூடும் மழை நாள்களிலும் அங்கே பார்வை தடைபடாது. சூரியனிலிருந்து வீசப்படும் பொருள் பூமிக்கு வரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஆதித்யா நிற்கும் இடத்தை அது கடந்துவிட்டால், மின்நிலையங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மணி நேரத்திற்கும் குறைவே.