இன்னும் ஒரு துடிப்பு போதுமா?

ஷஃபான் 29 மாலை, மஃரிப் நேரம். கல்முனையில் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே வயல்வெளிப் பக்கம் ரமழான் பிறை தேடுவார்கள். ஒருவர் "அந்தா!" என்பார். முகிலின் விளிம்பாகவும் இருக்கலாம். அதே இடத்தில் இன்னொருவருக்கும் தெரிந்தால் நம்பிக்கை கூடும், தெரியாவிட்டால் குறையும்.

நமக்குப் பின்னால் கிடக்கும் கடலில் படகைத் தேடும் ராடருக்கும் இதே தவிப்புத்தான். அது அனுப்பும் துடிப்பு, 15 கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் படகில் பட்டுத் திரும்ப, ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே எடுக்கும். ஆனால் சிறிய ஃபைபர் படகின் எதிரொலி மெலிந்தது. வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் அலையும் எதிரொலிக்கும். இல்லாத படகை உண்டென்பது ஒரு பிழை; இருக்கும் படகைத் தவறவிடுவது அதைவிடக் கொடிய பிழை.

பழைய வழியில், 20 துடிப்பு என்று வைத்தால் இருபதும் வந்த பிறகே தீர்ப்பு. 1943இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், போர்த் தளவாடங்களின் தரத்தைச் சோதிக்கும் கணக்குகளுக்கு நடுவே, புள்ளியியலாளர் ஏப்ரகாம் வால்ட் வேறு வழி கண்டார். ஒவ்வோர் எதிரொலி வந்ததும் ஒரே கேள்வி: வெறுங்கடலைவிடப் படகு இருந்தால் இது வரும் வாய்ப்பு எத்தனை மடங்கு? அந்த மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். இரு பிழைகளையும் நூற்றுக்கு ஒன்றாக வைத்தால், பெருக்கம் 99ஐத் தொட்டதும் 'படகு'. 99இல் ஒரு பங்காகச் சுருங்கியதும் 'கடல்'. இடையில் நின்றால் இன்னும் ஒரு துடிப்பு. சந்தேகம் உள்ள இடத்துக்கு மட்டுமே கூடுதல் நேரம் கொடுக்கும் இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சராசரியாகத் துடிப்புகளில் ஏறத்தாழப் பாதி மிச்சம்.

இந்தியாவுக்கு விரிவுரையாற்ற வந்த வால்ட், 1950 டிசம்பர் 13இல் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்தார். வயது 48. இரைச்சலுக்குள் சமிக்ஞை தேடுவதற்கு அவர் கணக்கை ஆய்வாளர்கள் பஸ்காங், மிடில்டன் இருவரும் 1955இல் விரித்தெழுதியதைப் பார்க்க அவர் இல்லை.

சுழலும் அன்டெனாவுக்கு வால்டின் வழி அவ்வளவாகப் பொருந்தாது. தீர்ப்பு வருமுன் அது திரும்பிவிடும். கதிரை மின்னணு முறையில் திருப்பும் ராடரால் ஒரே திசையில் காத்திருக்க முடியும். அங்கும் ஒரு சிக்கல்: ஒரு திசைக்குள் நூற்றுக்கணக்கான தூரக் கட்டங்கள். மற்றவை எல்லாம் 'கடல்' என்று சொல்லி முடித்தாலும், தடுமாறும் ஒரே கட்டத்துக்காகக் கதிர் நகராமல் நிற்கவேண்டும். அதனால்தான் துடிப்புகளுக்கு ஓர் உச்ச எண் வைக்கிறார்கள். பிறை தென்படாத மாதத்தை 30ஆகப் பூர்த்தி செய்வதுபோல, அந்த எண் வந்ததும் கையிலுள்ளதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கதிர் அடுத்த திசைக்குப் போகிறது.