தோட்டத் தொழிலாளியும் பொலிஸ் புத்தகமும்

ஹற்றனிலோ நுவரெலியாவிலோ பொலிஸ் நிலையத்துப் படியேறும் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். களவோ, குடும்பச் சண்டையோ, முறைப்பாடு எதுவாயினும் ஆகுக. அவர் தமிழிற் சொல்லுகிறார். உத்தியோகத்தரோ பல வேளைகளிற் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதியது இன்னதென்று அறியாமலே அம்மையார் கையொப்பம் இடுகிறார். பிற்பாடு நீதிமன்றத்தில் அவருடைய சொல்லை உரைத்துப் பார்ப்பது அந்த ஏட்டைக் கொண்டுதான்.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரும் தகவலை, தந்த மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது. உத்தியோகத்தருக்கு அம்மொழி எழுத வாராதாயின், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அதுவும் இயலாதபோதுதான் காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதலாம்; அப்போதும் விளங்கும் மொழியிற் பொருள் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்து மக்கள் பொலிஸாரைக் கண்டு ஒதுங்குவதற்கு மொழி ஒன்றே காரணமன்று. 1829இல் இலண்டனில் அமைந்த பொலிஸ் படை, துப்பாக்கியின்றித் தெருவில் நடந்து மக்களோடு பழகும் படையாயிருந்தது. குடியேற்ற நாடுகளுக்கு வாய்த்ததோ பெரும்பாலும் அயர்லாந்தின் ஆயுதப் பொலிஸ் மாதிரி. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையை விட்டுச் சொல்லாமற் போவதையே சிறைக்குரிய குற்றமாக்கியது. கிராமத்துக்கு விதானை இருந்தார். தோட்டத்துக்குத் துரையே எல்லாம். பொலிஸ்காரர் அங்கே வந்தது பிடியாணையோடுதான். வேறெப்படி நம்பிக்கை பிறக்கும்?

இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் முல்லோயா. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் நாள், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். இதற்கிடையே, தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி உள்நாட்டமைச்சர் சேர் பாரன் ஜயதிலகாவுக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் பிணக்கு மூண்டது. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் அனைவரும் பதவி துறந்தனர். பொலிஸார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வினா, ஓர் ஏழைத் தொழிலாளியின் சாவினால் நாட்டின் உச்ச சபை வரை ஏறிற்று. நம் மாணவருள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

இன்று பொலிஸ் பிரிவுகளிற் பொதுமக்கள் குழுக்கள் கூடுகின்றன. நல்லதுதான். ஆனால் தோட்டத்திலிருந்து அவற்றில் அமர்பவர் யார்? தலைவர்மாரும் உத்தியோகத்தருமே அமர்ந்தால், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணின் குரல் அங்கே எப்படிக் கேட்கும்? குழுவில் லயத்துப் பெண்கள் இருவரேனும் இருக்கவேண்டும். நிலையத்தில் எந்நேரமும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத குழு, தேநீர் அருந்திக் கலைவதற்கே உதவும்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பாட்டியோ தாயோ முறைப்பாட்டுக்குப் போகும்போது உடன் செல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமற் குறைக்காமல், திகதியிட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். உத்தியோகத்தர் எழுதினால் வாசித்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். விளங்காவிடின் விளக்கம் கேளுங்கள். அதன் பின்னரே கையொப்பம். புறப்படுமுன் முறைப்பாட்டின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.