வேலிக்கு வெளியே புள்ளிமான்

பவானிசாகர் அணைக்கு மேற்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கை அடுத்த தோட்டங்களில் குடியிருக்கும் உறுப்பினர்க்கு மான் புதிதன்று. சத்தியமங்கலம் காடு 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. அவர்களுள் சிலர்க்குத் தோட்டத்து வேலியைத் தாண்டினால் காடுதான். கடன் மனுக்களைச் சரிபார்க்கச் சென்ற இடங்களில் நாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

புள்ளிமானில் ஆணுக்கு மட்டுமே கொம்புண்டு. அது கிளைத்தது, உதிர்ந்து மீண்டும் முளைப்பது. முளைக்குங்கால் மெல்லிய மயிர்த்தோல் போர்த்திருக்கும். பள்ளத்தாக்கின் வெட்டவெளியில் மேயும் வெளிமானின் கொம்போ முறுக்கியது, கிளையற்றது, உதிராதது. கடம்பைமான் உருவிற் பெரியது, புள்ளியில்லை, பெரும்பாலும் இரவில் மேய்வது.

பயிர்ச்சேதம் முழுவதையும் மான்மீது ஏற்றுதல் முறையன்று. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆதலால் அது கடித்த நுனி பிய்ந்து நார்நாராக நிற்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருக்கும். நிலக்கடலைப் பாத்தி கிளறப்பட்டுக் கிடந்தால் பன்றியின் வேலை. இழப்பீட்டு மனு எழுதுமுன் இதனைப் பார்த்துக்கொள்வது நலம்.

மானைக் காண விரும்புவோர் அதிகாலையிலோ அந்தியிலோ, காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வீசும் பக்கமாக அசையாது நிற்க வேண்டும். நாயைக் கட்டிவிடுக. முகங்கருத்த முசுக்குரங்குகள் மரத்திலிருந்து உதிர்க்கும் தழையைத் தின்னப் புள்ளிமான்கள் கீழே கூடும். மேலே குரங்கும் கீழே மானும் ஒருங்கே அலறினால் சிறுத்தை அருகிலிருத்தல் கூடும். வேடிக்கையை நிறுத்தி வீட்டிற்குள் செல்க.

இனி, நாம் செய்த பிழையொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறுப்பினர் வேலியோரப் புதரிலிருந்து மான்குட்டியைத் தூக்கி வந்திருந்தார். “தாய் விட்டுட்டுப் போயிருச்சுங்க ஐயா, என்ன பண்ணலாமுங்க?” என்றார். நாமும் அறிந்தவர்போல் பசும்பாலைப் புகட்டச் சொல்லிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் குட்டி இறந்தது. அந்த மூன்று மாலைகளிலும் பிணைமான் ஒன்று புதரருகே வந்து நின்றதாக அவ்வீட்டு அம்மையார் பின்னர்க் கூறினார்.

தாய் விட்டுப் போகவில்லை. பிணைமான் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். முதற்சில நாட்கள் அதனைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் சென்று, இடையிடையே வந்து பாலூட்டும். குட்டி அசையாது படுத்திருப்பதே அதற்குக் காவல். அந்நிலையில் ஆள் நடமாடினால் தாய் அணுக அஞ்சும். மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடித்து வைத்தலும் குற்றம். படித்த நாமே அன்று அதனை நினைக்கவில்லை.

எனவே குட்டி தனித்துக் கிடக்கக் கண்டால் தொடாதீர்கள். அப்பக்கம் பிள்ளைகளும் நாய்களும் செல்லாமல் தடுத்துவிட்டு விலகிவிடுங்கள். தாய் இறந்து கிடப்பதைக் கண்ணாற் கண்டாலோ, குட்டி காயமுற்றிருந்தாலோ மட்டும் வனக்காவலருக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் வரும்வரை பால் புகட்ட வேண்டா.