காளைத் தலை எழுத்தான கதை

சினாய்த் தீபகற்பத்தின் தென்மேற்கில் செராபித் அல்-காதிம் என்றொரு மலைமேடு இருக்கிறது. பழங்கால எகிப்திய அரசர்கள் ஆட்களை அனுப்பி, டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லை அங்கே வெட்டியெடுத்தார்கள். சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே ஹாத்தோர் தேவிக்கு ஒரு கோயிலும் எழுந்தது. 1905இல் அங்கே அகழாய்வு நடத்திய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, பாறைகளிலும் சிறு சிலைகளிலும் விநோதமான பொறிப்புகளைக் கண்டார். பார்வைக்கு எகிப்தியச் சித்திர எழுத்தின் சாயல் இருந்தது. எகிப்திய மொழியாகப் படித்தால் பொருள் வரவில்லை. எகிப்திய எழுத்தில் நூற்றுக்கணக்கான குறிகள் உண்டு. இங்கோ ஏறக்குறைய முப்பது குறிகளே திரும்பத் திரும்ப வந்தன. அவ்வளவு குறைந்த குறிகளை வைத்து எழுதுவதென்றால் அது ஒலிகளைக் குறிக்கும் நெடுங்கணக்காகத்தான் இருக்க முடியும்.

புதிரின் முதல் முடிச்சை 1916இல் எகிப்தியவியலாளர் ஆலன் கார்டினர் அவிழ்த்தார். நான்கு குறிகள் ஒரே வரிசையில் பல இடங்களில் வந்திருந்தன: வீடு, கண், வளைந்த கோல், குறுக்குக் கோடு. எபிரெய எழுத்துகளின் பெயர்கள் அவருக்குக் கைகொடுத்தன. ‘பேத்’ என்றால் வீடு, ‘ஆயின்’ என்றால் கண். ‘லாமெத்’ மாட்டுக்காரனின் தாற்றுக்கோலோடு தொடர்புடைய பெயர். ‘தாவ்’ என்றால் அடையாளக்குறி. ஒவ்வொரு பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துச் சேர்த்தால் ‘பாலத்’ என்ற சொல் கிடைக்கிறது. கானானிய மொழியில் அதற்குத் ‘தலைவி’ என்று பொருள். ஹாத்தோர் தேவியின் கோயிலில் இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன இருக்க முடியும்? அங்கே கிடைத்த சிறிய ஸ்பிங்ஸ் சிலை ஒன்றில் ஹாத்தோரின் பெயர் எகிப்திய எழுத்திலும், ‘பாலத்’ இந்தப் புதிய எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சிலை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த முறை செயல்படும் விதம் எளியது. மீன் படத்தை வரைந்து, ‘மீன்’ என்று படிக்காமல் ‘ம்’ என்ற முதல் ஒலியாக மட்டும் படிப்பதற்கு ஒப்பானது இது. எகிப்தியர் நீரலையை வளைவு நெளிவான கோடாக வரைந்து ‘ந்’ ஒலிக்கு வைத்திருந்தார்கள். கானானியர் அதே படத்தை எடுத்து ‘ம்’ ஒலிக்கு வைத்தார்கள், அவர்கள் மொழியில் தண்ணீருக்குரிய சொல் மகரத்தில் தொடங்கியதால். படத்தை மட்டும் கடன் வாங்கி, ஒலியைத் தங்கள் மொழியிலிருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்பொறிப்புகள் கி.மு. 19, 18ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவை என்பது அறிஞர் பலரின் கணிப்பு. எகிப்தின் லக்சருக்கு அருகே வாடி அல்-ஹோல் என்ற பாலைவனப் பாதையில் ஜான் டார்னல், டெபோரா டார்னல் தம்பதியர் 1990களில் கண்டெடுத்த இரண்டு பொறிப்புகளும் ஏறக்குறைய அக்காலத்தவையே. எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரியாத கானானியத் தொழிலாளிகளே, கோயிலில் கண்ட படங்களை வைத்து இந்த முறையை உண்டாக்கினார்கள் என்பது ஜெருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தின் ஓர்லி கோல்ட்வாசரின் கருத்து. எல்லோரும் இதை ஏற்கவில்லை; எகிப்திய எழுத்தறிவு கொஞ்சமாவது இருந்தவர்களால்தான் இது முடிந்திருக்கும் என்போரும் உண்டு. இஸ்ரேலின் லாகீசில் 2016இல் கிடைத்த தந்தச் சீப்பில் இதே எழுத்து முறையில் உள்ள வாசகம் 2022இல் வெளியிடப்பட்டது. முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அது. மொத்தம் 17 எழுத்துகள். அரசாணையோ மந்திரமோ இல்லாத இந்த வாசகம், எழுத்து அன்றாட வாழ்வுக்குள் வந்துவிட்டதைக் காட்டுகிறது.

இந்தப் பொறிப்புகளை ‘பண்டைய எபிரெயப் பட எழுத்து’ என்று அழைப்பது சரியாகாது. அவற்றின் மொழி கானானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எபிரெயம் அதே குடும்பத்தில் பிற்பாடு தனித்து வளர்ந்த கிளை. எபிரெயத்தில் எழுதத் தொடங்கிய காலத்தில், ‘ஆலெப்’ எழுத்துக்கு வரைந்த காளைத் தலை சில கீறல்களாகச் சுருங்கிவிட்டது. எருசலேமில் நீர் கொண்டுவர ஏறக்குறைய 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்த சுரங்கத்தில், இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருந்தது. அதன் எழுத்துகளில் படம் எதுவும் புலப்படாது. 1979இல் எருசலேமின் கேதேப் ஹின்னோம் கல்லறையில் கேப்ரியல் பார்க்கை கண்டெடுத்த இரு வெள்ளிச் சுருள்களும் அப்படியே. எண்ணாகமத்தின் ஆசாரிய ஆசீர்வாதத்தைத் தாங்கிய அவையே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வேதாகம வாசகம். பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் யூதர்கள் மெல்ல மெல்ல அரமேயச் சதுர எழுத்துக்கு மாறினார்கள். பழைய எழுத்து சமாரியரிடம் தொடர்ந்தது. சாக்கடல் சுருள்கள் சிலவற்றில் கடவுளின் திருப்பெயரை மட்டும் பழைய எழுத்தில் வரைந்து மரியாதை செய்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அண்மைக் காலத்தில் பரவியுள்ள ஒரு வாசிப்பு முறையை எடைபோட முடியும். எபிரெயச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் பழைய படமாக மாற்றி, படங்களைச் சேர்த்துப் பொருள் காண்பது அம்முறை. தந்தையைக் குறிக்கும் ‘ஆவ்’ என்ற சொல்லில் ஆலெப், பேத் என இரண்டு எழுத்துகள்: காளை, வீடு. ஆகவே தந்தை என்றால் ‘வீட்டின் வலிமை’ என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. வேதத்தின் மீதுள்ள பற்றில் பிறந்த முயற்சி என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இது நிற்காது. தந்தைக்குரிய இதே சொல் அக்காடிய மொழியில் ‘அபு’ என்று, காளையோ வீடோ இல்லாத ஆப்பெழுத்தில், மேற்சொன்ன நெடுங்கணக்கு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. சொல் மூத்தது, எழுத்து இளையது.

இன்னொரு சான்று நமக்குப் பழக்கமான ஊர்ப்பெயரில் இருக்கிறது. காசாவை எபிரெயர் ‘அஸ்ஸா’ என்பார்கள். முதலெழுத்து ‘ஆயின்’, அதாவது கண். பழைய எபிரெயத்தில் அந்த ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நின்றது. அவற்றில் ஒன்று தொண்டையில் உரசும் ககரம் போன்றது. வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் காதில் கேட்டபடி ‘காசா’ என்றும், அதே எழுத்தில் தொடங்கும் இன்னோர் ஊரை ‘கொமோரா’ என்றும் எழுதினார்கள். அதனால்தான் தமிழிலும் அப்படி. ஆக, இப்பெயர்களின் முதல் ஒலிக்கும் கண்ணுக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. ஒரு சொல்லின் பொருளை அதன் பூர்விகத்திலிருந்து பிழிந்தெடுக்காமல், வாக்கியத்தில் அது ஆளப்படும் விதத்திலிருந்தே அறிய வேண்டும் என்று வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். படங்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

வேதாகம ஆசிரியர்களே எழுத்தின் படத்தை நம்பவில்லை; ஒலியைத்தான் நம்பினார்கள். எரேமியா வாதுமை மரக்கிளையைக் காண்கிறார். எபிரெயத்தில் அது ‘ஷாக்கேத்’. கடவுளின் பதிலில் வரும் ‘ஷோக்கேத்’ என்பதற்கு ‘விழித்திருக்கிறேன்’ என்று பொருள். பொருந்துவது ஓசை. இதற்கு விலக்காகச் சொல்லத்தக்கது தாவ் மட்டுமே. எசேக்கியேல் 9ஆம் அதிகாரத்தில் நெற்றியில் போடச் சொல்லும் அடையாளம் எபிரெயத்தில் ‘தாவ்’. பழைய எழுத்தில் அது இரண்டு கோடுகள் குறுக்கிட்ட வடிவம். ஆதித் திருச்சபையின் தெர்த்துல்லியன், ஓரிகன் போன்றோர் அதில் சிலுவையைக் கண்டார்கள்.

கண்ணால் வாசிக்க வேண்டிய வளம் வேதாகமத்தில் ஏராளம். அது தனி எழுத்துக்குள் இல்லை, பக்கத்தில் விரிகிறது. 119ஆம் சங்கீதம் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனங்களில் அடுக்கப்பட்டது. தமிழ்ப் பதிப்புகளில் காணும் ‘ஆலெப்’, ‘பேத்’ என்ற தலைப்புகள் அந்த அடுக்கையே சுட்டுகின்றன. செங்கடலைக் கடந்தபின் பாடிய பாட்டைத் தோராச் சுருளில் செங்கல் வரிசைபோல் இடைவெளி விட்டு எழுதுவது மரபு. இஸ்ரவேலே கேள் என்று தொடங்கும் உபாகம வசனத்தில் முதற்சொல்லின் கடைசி எழுத்தும் வசனத்தின் கடைசி எழுத்தும் பெரிதாக எழுதப்படும். சேர்த்துப் படித்தால் ‘சாட்சி’ என்ற சொல் வரும். நியாயாதிபதிகள் 18:30இல் ‘நூன்’ என்ற ஓர் எழுத்து வரிக்கு மேலே தொங்குகிறது. அதை விட்டுப் படித்தால் ‘மோசே’, சேர்த்துப் படித்தால் ‘மனாசே’. விக்கிரகத்துக்கு ஆசாரியனானவன் மோசேயின் வழிவந்தவன் என்ற இழுக்கை மறைக்கவே நூன் சேர்ந்தது என்பது யூத மரபின் விளக்கம். மூலத்தை அழிக்கவும் மனமின்றி அதை உயர்த்தி எழுதியதால்தான், இன்றும் சில மொழிபெயர்ப்புகளில் மோசே என்றும் சிலவற்றில் மனாசே என்றும் அச்சாகிறது.